எல்லாருக்கும் அரைநாள்

இதை எழுதாமல் விட்டுவிடுவோம் என்றுதான் இருந்தேன். ஆனால் எழுதாவிட்டால் குகன் அண்ணை தன் பங்குக்குக் கூட்டிச் சொல்லிக்கொண்டே திரிவார். (அவர் சொல்லும் கதையில் நான் அழுகிறேன். நான் அழவில்லை. வெங்காயம்.) ஆகவே நானே எழுதிவிடுகிறேன்.

சுவிஸில் கூர் என்ற ஊரில் ஒரு ஹோட்டல் குசினி. செஃப் சுவிஸ்காரர். மற்ற நாலு பேரும் நாங்கள்: அடுப்படி குகன் அண்ணை, சலாட் வெட்டும் ஜெயந்தி அக்கா, கோப்பை கழுவும் சிவம் அண்ணை, பிறகு எடுபிடியாக நான். பள்ளிக்கூடத்தையும் சமையல் பயிற்சியையும் அரைகுறையில் விட்டவன். வாய் மட்டும் ஓவர்டைம் செய்யும்.

அந்த வருடம் திரிம்பாக் கோயில் தேர் வந்த அதே ஞாயிற்றுக்கிழமை, எங்கள் ஹோட்டலில் ஒரு கலியாணத்து மத்தியானச் சாப்பாடும் வந்து விழுந்தது. "எந்த நேரமும் இரண்டு பேர் என்னோடு நிற்கவேண்டும். யார் எப்போது என்று நீங்களே ஒரு பிளான் போட்டுத் தாருங்கள்" என்று செஃப் டொச்சில், அதாவது ஜெர்மன் மொழியில், சொன்னார். பிளான் போடக் கையை உயர்த்திய மடையன் நான்தான்.

உடனே குகன் அண்ணை என்னைக் குளிர் அறைக்குள் இழுத்துக்கொண்டு போனார்.

"தம்பி, எனக்கு முழு நாளும் வேணும். மகனுக்கு ஒப்பரேசன் சரிவந்தா காவடி எடுக்கிறன் எண்டு நேந்தனான், சரிவந்திட்டுது. விளங்குதோ?"

"ஓம் அண்ணை, நான் பாக்கிறன்."

வெளியே வந்தால் ஜெயந்தி அக்கா. "டேய், அம்மா யாழ்ப்பாணத்திலயிருந்து வந்து நிக்கிறா. தேருக்குக் கூட்டிக்கொண்டு போகாட்டி ஊருக்குப் போயும் அதைத்தான் கதைப்பா."

"உங்களுக்கில்லாததோ அக்கா?"

சிவம் அண்ணை கோப்பை கழுவுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். பார்த்த பார்வையே போதும். எனக்கும் போகவேண்டும். (பக்தி என்று எழுத ஆசைதான். கொத்துரொட்டி.)

சூரிச்சில் படிக்கும் என் கூட்டாளி நிரோசனைப் பிடித்தேன். ஒன்றோடொன்று முட்டுகிற விருப்பங்களைக் கணக்குப் போட்டுச் சமாளிப்பதுதான் அவனுடைய படிப்பே. விசயத்தைக் கேட்டுவிட்டு லப்டொப்பில் ஏதோ தட்டினான். திரையில் நிறையப் புள்ளிகள் வளைந்து நின்றன. ஒவ்வொரு புள்ளியும் ஒரு பிளானாம்.

"இதில எது திறம்?"

"எல்லாமே திறம்."

"எல்லாம் எப்பிடியடா திறமாகும்?"

"மச்சான், இதில ஒராளுக்குக் கொஞ்சம் கூட்டிக் குடுத்தா இன்னொராளுக்குக் குறையும். எதை எடுக்கிறது எண்டு நீதான் முடிவெடுக்கோணும்."

"முடிவெடுக்கிறதும் நானெண்டா, கொம்பியூட்டர் என்னத்துக்கு?"

நிரோசன் நெற்றியைத் தேய்த்தான். "சரி, ஆருக்கு எவ்வளவு முக்கியம் எண்டு பத்துக்கு மார்க்ஸ் போடு. அது ஒண்டைத் தெரிஞ்சு தரும்."

குகன் அண்ணைக்குப் பத்துப் போட்டேன். ஜெயந்தி அக்காவுக்கு ஒன்பது. பிறகு அக்கா நாள் முழுக்கக் கத்தியோடு நிற்பவர் என்பது ஞாபகம் வந்தது. அவருக்கும் பத்து. பாவம் சிவம் அண்ணை, அவருக்கும் பத்து. எனக்கு மட்டும் என்ன குறை? நிரோசன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். அதற்குள் பொத்தானை அழுத்திவிட்டேன்.

வந்த பிளான்: எல்லாருக்கும் அரைநாள் லீவு. குகன் அண்ணையும் ஜெயந்தி அக்காவும் காலையில் தேருக்குப் போய் மத்தியானம் வேலைக்கு வரவேண்டும். நானும் சிவம் அண்ணையும் காலையில் வேலை செய்து மத்தியானம் போகலாம். செஃபுக்கு எந்நேரமும் இரண்டு பேர். பார்க்க அவ்வளவு வடிவு. செஃப் உடனே கையெழுத்துப் போட்டார்.

குகன் அண்ணை தாளைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார். "இதுக்கை என்ர காவடி எங்கை தம்பி?"

"முதல் ட்ரெயினில போங்கோ அண்ணை, வெள்ளன முடிஞ்சிடும். கொம்பியூட்டர் சொன்னது."

கொம்பியூட்டர் என்றதும் பாவம், அவர் தாளை மடித்துக்கொண்டு போய்விட்டார். திரிம்பாக் போகவே இரண்டு மணித்தியாலத்துக்கு மேல், வர அதே அளவு. அதை நான் கொம்பியூட்டருக்குச் சொல்லவில்லை. அதுவும் என்னைக் கேட்கவில்லை.

ஞாயிறு மத்தியானம், பிளான்படி நானும் சிவம் அண்ணையும் ஏப்ரனைக் கழற்றிவிட்டு ட்ரெயின் ஏறினோம். கொஞ்சத் தூரம் போகவில்லை, செஃபின் போன். "மணமகள் மேசையில் இருக்கிறாள். குசினியில் நான் தனியாக நிற்கிறேன். உன் இரண்டு பேர் எங்கே?"

ஜெயந்தி அக்காவுக்குப் போன் அடித்தேன். பின்னால் மேளம் பிளந்தது.

"அண்ணையின்ர தோளில காவடி இருக்கடா! இறக்கி வைச்சிட்டு வேலைக்கு வா எண்டு நீயே வந்து சொல்லு!"

"நீங்களெண்டாலும் வந்திருக்கலாமே அக்கா?"

"அம்மாவை ஆர் பாக்கிறது? உன்ர கொம்பியூட்டரோ?"

வழியில் சார்கான்ஸ் ஸ்டேசனில் ட்ரெயின் நின்றது. முன்னுக்குப் போனால் தேர் முடிந்திருக்கும், கொத்துரொட்டி இருக்கும். பின்னுக்குப் போனால் செஃப் இருப்பார். ஒரு கால் பிளாட்போமில், ஒரு கால் பெட்டிக்குள்.

"ஏறுகிறாயா, இறங்குகிறாயா?" என்றார் டிக்கெட் பார்ப்பவர்.

"இரண்டும்" என்றேன்.

சிவம் அண்ணை பின்னாலிருந்து ஒரு தள்ளுத் தள்ளித் தானும் இறங்கினார். அன்றைக்கு உருப்படியாக எடுக்கப்பட்ட ஒரே முடிவு அதுதான்.

திரும்பி வந்தபோது விருந்தாட்கள் மேசையில் வைத்த பாண் ரொட்டி எல்லாவற்றையும் தின்று முடித்திருந்தார்கள். அவசரத்தில் எனக்கு ஒரு கையில் சலாட் சோஸ், மற்றக் கையில் இறைச்சிச் சோஸ். கை மாறி ஊற்றிவிட்டேன். மணமகளின் தட்டு அப்படியே திரும்பி வந்தது.

பின்னேரம் குகன் அண்ணை திருநீறோடு வந்தார். வேலை போயிற்று என்ற முகம். அவர் வாயைத் திறக்க முதல், "பிளான் என்னுடையது. காவடி எடுத்தால் நடுவில் இறக்க முடியாது" என்று நான் முந்திக்கொண்டேன். செஃபுக்குக் காவடி விளங்கவில்லை. அண்ணை போனை நீட்டினார். படத்தில் அவர் காவடியோடு, பக்கத்தில் மகன் வேட்டியைப் பிடித்துக்கொண்டு நடக்கிறான். செஃப் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என்னிடம் திரும்பினார்.

"அவருக்கு முழு நாளும் வேண்டும் என்று உனக்கு முதலே தெரியுமா?"

"தெரியும்."

"பிறகு ஏன் அரைநாள்?"

நான் சோஸ் சட்டியைத் தேய்க்கப் போனேன். அண்ணையின் வேலைக்கு ஒன்றும் நடக்கவில்லை. எனக்குத்தான் நடந்தது: தேரன்று மற்றவர்கள் மாறி மாறி முழுநாள் லீவு எடுப்பார்கள், நான் வருடா வருடம் குசினியில். எல்லாரும் ஒரே குரலில் சம்மதித்த ஒரே பிளான். குசினியில் என் பெயரும் அரைநாள் ஆகிவிட்டது. புதிதாக வந்த பெடியனுக்கு என் உண்மையான பெயர் தெரியாது.

எழுதியதை நிரோசனுக்கு வைபரில் அனுப்பி, எப்படியிருக்கு என்று கேட்டேன். பதில் வந்தது:

"அரைவாசி வாசிச்சன் மச்சான், மிச்ச அரைவாசிக்கு வேறை ஆளைப் பிடி."