மறுபடி பறயணோ?

கரமனை, திருவனந்தபுரம்
வெள்ளிக்கிழமை காலை

பெருமதிப்பிற்குரிய மூத்த சகலை, சங்கரன்கோவில் சொரிமுத்து அண்ணாச்சி அவர்களின் சமூகத்திற்கு, இளைய சகலை வன்னியராஜ் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. தாங்களும் மதினியும் கோமதியம்மன் புண்ணியத்தில் எந்தக் குறையும் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் சௌக்கியம் என்று அடுத்த வரி எழுதுவதுதான் முறை. எழுதிவிட்டதாக வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

போன் இருக்கும்போது இவன் ஏன் கடுதாசி எழுதுகிறான் என்று தாங்கள் நினைப்பது எனக்குத் தெரிகிறது. ஒன்று, போனில் தங்களுக்குப் பேச்சுப் பிடிபடாது; நான் பிச்சையா என்றால் தாங்கள் பிச்சைக்காரனுக்குச் சில்லறை தேடுவீர்கள். இரண்டாவதுதான் முக்கியம். இந்த வீட்டில் காது இல்லாத சாமான் என்று பார்த்தால் இந்தப் பேனா ஒன்றுதான். மற்றது எல்லாம் கேட்கிறது, கேட்டதை எழுதிக்கொள்கிறது, எழுதியதை யாருக்காவது அனுப்பியும் விடுகிறது. அப்படி ஒன்று போய்ச் சேர்ந்ததில்தான் நம் இருவருக்கும் மைத்துனரான பிச்சையா மாப்பிள்ளையின் உயிர் இப்போது ஊசலாடிக்கொண்டிருக்கிறது, என் குடும்பமும் கூடவே ஆடுகிறது.

மாப்பிள்ளைக்கு வருகிற செவ்வாய்க்கிழமை இங்கே பெரிய ஆஸ்பத்திரியில் நெஞ்சு ஆபரேஷன் என்பது தங்களுக்குத் தெரியும். பொஞ்சாதி போய்ச் சேர்ந்த பிறகு மனுஷன் ஒத்தை ஆள், பையன் துபாயில். சொந்தத்தில் ஒருவர் கூட நின்று கையெழுத்துப் போட்டால்தான் கத்தியைத் தொடுவோம் என்று டாக்டர்கள் சொல்லியிருக்கிறார்கள். ஆபரேஷனுக்கு முன்னேயும் பின்னேயும் எங்கள் வீட்டில் வந்து தங்கிக்கொள்ளட்டுமா என்று மாப்பிள்ளை கேட்டார். அதற்கு என் குரலில், என் வாயால், "வேண்டாம்" என்று பதில் போயிருக்கிறது. சத்தியமாக நான் அவரிடம் அப்படிச் சொல்லவில்லை. சொன்னேன், ஆனால் அவரிடம் சொல்லவில்லை. எப்படி என்று சொல்கிறேன், பொறுமையாகக் கேளுங்கள்.

நானும் என் வீட்டுக்காரி மாடம்மாளும் இப்போது மகள் அனுஷா வீட்டில் இருக்கிறோம். மருமகன் ஸ்ரீகுமார் மலையாளத்துப் பிள்ளை, தங்கமான குணம், ஆனால் நேரம் வீணாகக் கூடாது என்று ஒரு கிறுக்கு. இரண்டு பேருக்கும் கழக்கூட்டம் என்கிற இடத்தில் கம்ப்யூட்டர் வேலை. வீட்டில் யார் என்ன செய்ய வேண்டும் என்பதெல்லாம் ஒரு ஆப்பில் இருக்கிறது. பால் வாங்கினால் அதில் ஒரு டிக், செடிக்குத் தண்ணீர் விட்டால் ஒரு டிக். அடுக்களையில் தக்காளி மாதிரி ஒரு மணி. அது அடித்தால் செய்கிற வேலையைப் போட்டுவிட்டு ஓய்வெடுக்க வேண்டுமாம், தோசை கல்லில் இருந்தாலும் சரி. தரையில் தட்டையாக ஒரு மெஷின் தானாகப் பெருக்கிக்கொண்டு திரிகிறது, போன வாரம் என் வேட்டி நுனியைக் கவ்விக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. என் மணிக்கட்டில் ஒரு வாட்ச்சைக் கட்டியிருக்கிறார்கள். உட்கார்ந்தால் எழுந்திரி என்கிறது, எழுந்தால் மூச்சு விடு என்கிறது. சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்து, நான் விசில் ஊதாமல் ஒரு வண்டி நகராது என்று வாழ்ந்தவன், இன்றைக்கு மூச்சு விடுவதற்கு உத்தரவு வாங்கிக்கொண்டிருக்கிறேன்.

இதற்கெல்லாம் தலைவி ஆர்ஷா. ஆர்ஷா என்றால் மனுஷி இல்லை, பயப்பட வேண்டாம். கூடத்து மேஜையில் தேங்காய் அளவில் இருக்கும் ஒரு உருண்டை. பொம்பளைக் குரல், சுத்த மலையாளம். என் போனையும் அதையும் மருமகன் முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறார். எனக்கு வருகிற குரல் மெசேஜை எல்லாம் அது வாங்கி உரக்கப் போட்டுக் காட்டும்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மாடம்மாள் கிழக்கேகோட்டைக் கடைத்தெருவுக்குப் போயிருந்தாள். உருண்டை மினுக்கியது. மாப்பிள்ளை குரல். "அத்தான், ஆபரேஷனுக்கு நாள் சொல்லிட்டாவ. மருமகன் வீடு, சங்கடமா இருக்கு. இருந்தாலும் கேக்கேன். அங்க வந்து தங்கிக்கிடட்டுமா?" அவ்வளவுதான். நான் கேட்டேன், மனசுக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. எப்பேர்ப்பட்ட ரோஷக்காரன், கல்யாணப் பந்தியில் அப்பளம் பிந்தி வந்ததற்கு இலையை மூடிவிட்டு எழுந்து போனவன், இப்படி நாக்குத் தழுதழுக்கக் கேட்கிறானே என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே ஆர்ஷா, "மறுபடி பறயணோ?" என்றது.

அண்ணாச்சி, நான் இந்த ஊருக்கு வந்து இன்னும் ஓணம் பார்க்கவில்லை. ஆனாலும் பறயுக என்றால் சொல்வது என்று மீன்காரியிடமே கற்றுக்கொண்டுவிட்டேன். ஆகா, மறுபடியும் சொல்லணுமா என்று கேட்கிறது, நமக்கும் மலையாளம் பிடிபட்டுவிட்டது என்று ஒரு பெருமை வேறு. அந்தக் குரலை இன்னொரு தடவை கேட்க எனக்குத் தெம்பு இல்லை. "வேண்டாம், வேண்டாம். ஒரு தடவை கேட்டதே போதும்" என்று அதட்டினேன். அது டிங் என்றது. நான் போய்க் காலை நீட்டிப் படுத்துவிட்டேன். மாடம்மாள் வந்ததும், தம்பி வருகிறான் என்று சொன்னேன். அவள் அப்போதே மாடி அறையைக் கழுவி, உப்பில்லாமல் எப்படிச் சமைப்பது என்று அனுஷாவிடம் கேட்டு எழுதி வைத்துக்கொண்டாள்.

மறுநாள் ராத்திரிச் சாப்பாட்டில்தான் இடி விழுந்தது. அனுஷா என் போனைப் பார்த்துக்கொண்டிருந்தவள், "அப்பா, பிச்சையா மாமாவுக்கு என்ன பதில் அனுப்பினீங்க?" என்றாள். நான் எங்கே அனுப்பினேன் என்றேன். அவள் போயிருந்த குரல் மெசேஜை அமுக்கினாள். என் குரல். வேண்டாம், வேண்டாம், ஒரு தடவை கேட்டதே போதும். கீழே நீல டிக், அதாவது மாப்பிள்ளை கேட்டுவிட்டார். மலையாளத்தில் மறுபடி என்றால் பதிலாம் அண்ணாச்சி. பதில் சொல்லணுமா என்று கேட்டிருக்கிறது. நான் சொல்லிவிட்டேன்.

மாடம்மாள் கையிலிருந்த கரண்டியைச் சட்டிக்குள் வைத்தாள். கத்தியிருந்தால் எனக்குத் தெம்பாக இருந்திருக்கும். கத்தவில்லை. மருமகன் என் தோளைத் தொட்டு, "அச்சா, விஷமிக்கண்டா, நமக்கு சரியாக்காம்" என்றார். விஷம் என்றதும் நான் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டேன். வருத்தப்பட வேண்டாம், சரி செய்துவிடலாம் என்று அர்த்தமாம், அனுஷா பிறகு சொன்னாள்.

சரி, உடனே கூப்பிடுவோம் என்று என் போனை எடுத்தால் மாப்பிள்ளை போன் ஸ்விட்ச் ஆஃப். ஒருவேளை என் நம்பரைத்தான் ஒதுக்கி வைத்துவிட்டாரோ என்று மருமகன் போனை எடுத்து அடித்தேன். அதில் என்னமோ ஒரு மரம் வளர்த்துக்கொண்டிருந்தாராம், போனைத் தொடாமல் இருந்தால் வளருமாம், நான் தொட்டதில் பட்டுப்போய்விட்டது. மனுஷன் முகம் சாவு வீடு மாதிரி ஆகிவிட்டது. அதிலும் ஸ்விட்ச் ஆஃப். கடைசியில் விதி முற்றி, கெடுத்தவளே திருத்தட்டும் என்று ஆர்ஷாவிடமே போய், "பிச்சையா மாப்பிள்ளை கட்டாயம் வாங்க, மறக்காம வாங்க" என்று கத்தினேன். அது டிங் என்றது. நேற்றுக் காலை பார்த்தால், கடையில் வாங்க வேண்டிய சாமான் பட்டியலில் தேங்காயெண்ணெய்க்குக் கீழே "மாப்பிள்ளை" என்று இருக்கிறது.

இப்போ என் நெலமையைக் கேளுங்க அண்ணாச்சி. உங்க கொழுந்தியா எங்கூடப் பேசுதது இல்லை. புதன் ராத்திரி மூடின வாய். பேசாதது மட்டும் இல்லை, அந்த ஆப்பில் எம்பேருக்கு ஒரு வேலை போட்டு வச்சுட்டா. "தம்பியைக் கூட்டி வருதல்." அது முடியலைன்னா என் கையில இருக்க வாட்ச் சும்மா இருக்காது. சோத்துல கையை வச்சா ஒரு உறுமு, கண்ணை மூடினா ஒரு உறுமு. 'நேரம் கடந்துவிட்டது' என்று செவப்பு எழுத்து. கழத்தி வச்சா மேஜை மேல கெடந்து உறுமுது. நேத்து கரமனை ஆத்தங்கரையில போய் நின்னு பாத்தேன், அங்கயும் உறுமுது. செவ்வாய்க்கிழமை கையெழுத்துப் போட ஆள் இல்லாம, ஆபரேஷனும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம்னு அந்த மனுஷன் வீட்டுலயே படுத்துட்டா? இல்ல இங்க தம்பானூர் லாட்ஜில தனியா வந்து படுத்து, நெஞ்சுல ஒண்ணு ஆகிப் போனா? நான் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு இவ முன்னால சோறு திங்கது? அண்ணாச்சி, ரெண்டு நாளா எனக்குத் தூக்கமே இல்லை. பயமா இருக்கு.

ஆகவே தாங்கள், கூரியரில் நாளைக்கே வந்து சேரும் இந்தக் கடிதம் கண்டதும் பஸ் ஏறி, மாப்பிள்ளை ஊரான கரிவலம் போய், அவரைக் கண்டு, இதை அவர் கையிலேயே கொடுத்து, மறுபடிக்கும் மறுபடிக்கும் உள்ள வித்தியாசத்தை விளக்கி, தேவைப்பட்டால் என் சார்பில் நாலு திட்டும் வாங்கிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைக்குள் அவரைக் கையோடு கூட்டி வர வேண்டும். மனுஷர் ரோஷத்தில் கதவைத் திறக்காவிட்டால் சன்னல் வழியாகப் படித்துக் காட்டுங்கள்.

மதினிக்கு என் வணக்கம். தங்கள் கண் தெளிவாகவும் கால் வலுவாகவும் இருந்து, இந்த ஒரு பயணத்தை நல்லபடி முடித்துத் தர எல்லாத் தெய்வமும் துணை நிற்கட்டும்.

தங்கள் பணிவுள்ள,
வன்னியராஜ்

பின்குறிப்பு: மேலே எழுதியதில் ஒரு வரிகூட மாப்பிள்ளை கண்ணில் பட வேண்டாம். உறையை ஒட்டிக்கொண்டிருக்கும்போது வாசல் மணி அடித்தது. போய்த் திறந்தால் பையோடு பிச்சையா மாப்பிள்ளை நிற்கிறார். "என்ன அத்தான், பேயறைஞ்ச மாதிரி நிக்கிய? நாலு நாள் முன்னக்கூட்டியே வந்துட்டேனேன்னா?" என்றார். உள்ளே வந்து உட்கார்ந்து, தண்ணீர் குடித்துவிட்டுச் சொல்கிறார்: "ஆபரேஷனே வேண்டாம்னுதான் அத்தான் இருந்தேன். அங்கன போய் ஒட்டிக்கிட்டுக் கெடக்கணுமேன்னு. சும்மா ஒப்புக்குத்தான் கேட்டேன். நீங்க 'வேண்டாம், வேண்டாம், ஒரு தடவை கேட்டதே போதும்'னு ஒரு அதட்டு அதட்டுனீக பாருங்க. அக்கா வீட்டுக்கு வர இன்னொரு தடவை கேக்கணுமாலேன்னு கன்னத்துல அறைஞ்ச மாதிரி இருந்துச்சு. நமக்கும் அதட்டுததுக்கு ஒரு ஆள் இருக்குன்னு அப்பவே பையைக் கட்டிட்டேன்." போனை ஏன் அணைத்தீர்கள் என்று கேட்டேன். கூப்பிடுகிறவன் எல்லாம் ஆபரேஷனில் செத்தவன் கதையாகவே சொன்னானாம். உங்க குரலோட போதும்னு அணைச்சுட்டேன் என்றார்.

மாடம்மாள் அடுக்களை வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள். அப்புறம் காப்பி வந்தது, முதல் தம்ளர் எனக்கு. "குடிங்க" என்றாள். அவள் வாய் திறந்தாலும் சங்கரன்கோவில் முழுக்க நான் மச்சினனை விரட்டிய கதை ஏற்கெனவே பரவியிருக்கும், அவள் மதினியிடம் புதன்கிழமை ராத்திரியே போனில் அழுதுவிட்டாள். அதனால்தான் இதைக் கிழிக்காமல் அனுப்புகிறேன். யார் கேட்டாலும், அந்த வார்த்தையை வன்னியராஜ் நன்றாக யோசித்து, மனசாரச் சொன்னான் என்றே சொல்லுங்கள். படித்ததும் இதை அடுப்பில் போட்டுவிடுங்கள்.

இன்னும் ஒன்று. செவ்வாய்க்கிழமை ஆபரேஷன் தியேட்டருக்குள் கொண்டுபோகும் முன்னால் அதே மாதிரி இன்னொரு தடவை அதட்ட வேண்டுமாம், மாப்பிள்ளை கேட்டிருக்கிறார். இப்போதுதான் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சொல்லிப் பார்த்தேன். அதட்டல் வரவில்லை அண்ணாச்சி, கெஞ்சல்தான் வருகிறது.