ஏழாம் லயத்துக்கு ஓர் இணைய அலுவலகம்

கடிதம் எழுதாத சங்கம் உலகில் இல்லை. ஆனால் கடிதம் பிறக்கும் அலுவலகமே சொந்தமாக இருக்க வேண்டும் என்று கொள்கை வகுத்து, அந்தக் கொள்கைக்காகவே கடிதம் எழுதாமல் இருந்த பெருமை, றக்வானைக்கு மேலே மலையில் இருக்கும் தேயிலைத் தோட்டத்தின் மேற்பிரிவு நலன்புரிச் சங்கத்துக்கு மட்டுமே உண்டு.

கொழுந்து பறிக்கும் சூசையம்மாவுக்கு இந்தப் பெருமை முதலில் விளங்கவில்லை. ஒன்பது வீடுகள் ஒரே வரிசையாக ஒட்டி நிற்கும் ஏழாம் லயத்தில் அவள் வீட்டுக்குப் பின்னால் மண் வெடித்திருந்தது. வெடிப்புக்குள் முழங்கை வரை கையை விடலாம். ஒன்பது குடும்பங்களுக்கு வேறு இடம் கேட்டு, சங்கத்தின் சீல் வைத்த கடிதம் ஒன்றை மாதக் கடைசிக்குள் தரும்படி கிராம சேவகர் சொல்லியிருந்தார். அதைக் கேட்கத்தான் அவள் கூட்டத்துக்கு வந்தாள்.

"டவுன்ல கொமினிகேஷன் கடையில பத்து நிமிசத்துல டைப் அடிச்சுக் குடுப்பாங்க தலவரே," என்றாள்.

தலைவர் கஜேந்திரன் வேதனையோடு கண்ணை மூடிக்கொண்டார். "நம்ம கஷ்டத்த அடுத்தவன் மிசின்ல அடிக்கிறதா? நம்ம டேட்டா நம்மகிட்டதான் இருக்கணும். சொந்தமா ஒரு ஒன்லைன் ஒபிஸ் போடுறோம். அதுல அடிச்ச கடிதத்துக்குத்தான் சீல்."

பலத்த கைதட்டல். பாலர் பாடசாலையில் தூசி தின்றுகொண்டிருந்த கம்பியூட்டர், ஏகமனதாக 'சர்வர்' பதவிக்கு உயர்த்தப்பட்டு, சங்கக் கட்டடத்துக்குக் கொண்டுவரப்பட்டு மாலை அணிவிக்கப்பட்டது.

அதில் கடிதம் அடிக்கும் மென்பொருளை நிறுவும் முறையில்தான் சங்கத்தின் ஆழம் தெரிந்தது. தலைவர் 'கன்டெய்னர்' கட்சி. தேவையானதெல்லாம் ஒரே பொதியாகக் கட்டி வரும், இறக்கி ஓட விட்டால் போதும். செயலாளர் அழகமுத்து 'சோர்ஸ்' கட்சி. மூலநிரலை எடுத்து, சொந்தக் கம்பியூட்டரிலேயே கம்பைல் செய்ய வேண்டும்.

"கொழுந்து பறிக்கிற ஜனங்க நாம," என்றார் அழகமுத்து தழுதழுத்த குரலில். "பெக்கட் தேயிலைய வாங்கிக் குடிக்கலாமா? பச்சக் கொழுந்த எடுத்து நாமளே வாட்டி, அரைச்சு, சுட்டு எடுக்கணும். அப்பதான் உள்ள என்ன கெடக்குன்னு தெரியும்."

"அரைக்க இந்த மிசினுக்கு மெமரி காணாதே?"

"பொறுமை இருந்தா போதும் தலவரே."

"எத்தன மணித்தியாலம்?"

"அது மிசினோட மனசப் பொறுத்தது."

சூசையம்மா எழுந்தாள். "கடிதம் எப்பங்க?"

"அக்கா, நாங்க அடித்தளத்தப் பத்தி பேசிக்கிட்டிருக்கோம்," என்றார் அழகமுத்து.

"எங்க அடித்தளந்தாங்க வெடிச்சுக் கெடக்கு!"

இது குறிப்பேட்டில் 'பொருத்தமற்ற குறுக்கீடு' என்று பதியப்பட்டது.

வாக்கெடுப்பில் இரு கட்சியும் சரிசமம். ஆகவே தோட்ட வழக்கப்படி நாள் மாற்றி நாள் ரவுண்டு போட்டார்கள். திங்கள், புதன், வெள்ளி கன்டெய்னர். செவ்வாய், வியாழன், சனி சோர்ஸ். மலையில் புதிதாக இறங்கும் வேலையாள் கேங் முதலில் களை எடுக்க வேண்டுமல்லவா? அதன்படி ஒவ்வொரு கட்சியும் காலையில் வந்ததும் முந்தின நாள் மற்றக் கட்சி போட்டதையெல்லாம் அழித்துச் சுத்தமாக்கியது. மூன்று வாரமும் கம்பியூட்டரில் ஒரு களை இல்லை. பயிரும் இல்லை.

நாலாவது வாரம் மழை விடவேயில்லை. வெள்ளிக்கிழமை பகல், எல்லோரும் கொழுந்துக்குப் போயிருந்த நேரத்தில், ஏழாம் லயம் மண்ணோடு சரிந்தது. நல்லவேளை, ஆளுக்குச் சேதமில்லை. சூசையம்மாவின் சட்டி பானையும் மகள் சரோனின் பள்ளிக்கூடக் கொப்பிகளும் மண்ணுக்குள் போயின. ஒன்பது குடும்பமும் சங்கக் கட்டடத்தில் பாய் விரித்தன.

அந்த அமளியில் சனிக்கிழமை களையெடுப்பு நடக்காததால், திங்கட்கிழமை கன்டெய்னர் ஓடியது! மறுநாள் களையெடுப்பை அழகமுத்து பெருந்தன்மையோடு ஒத்திவைத்தார். பாய்களை ஓரமாக ஒதுக்கி, குத்துவிளக்கு ஏற்றினார்கள்.

"மொதல் கடிதம் ஒங்களோடதுதான் அக்கா," என்ற அழகமுத்து அடிக்கத் தொடங்கினார். 'சூசையம்மா, ஏழாம் லயம், மேற்பிரிவு.'

கஜேந்திரன் அவர் கையைப் பிடித்தார். "இருங்க. இல்லாத விலாசத்துக்கு எப்பிடி சீல் வைக்கிறது? ஏழாம் லயந்தான் இப்ப இல்லையே?"

தலைவரின் சட்ட நுணுக்கத்தைச் சபை மெச்சியது.

"அப்ப ஒங்க ரெண்டு பேரு வீட்டு விலாசத்தையும் போடுங்க," என்றாள் சூசையம்மா. "லயத்த விழுத்தினது மழை மட்டும் இல்லங்க. அஞ்சு குடும்பம் தலவரு வீட்டுக்கு, நாலு குடும்பம் செயலாளரு வீட்டுக்கு."

பிறகு பெண்கள் பக்கம் திரும்பினாள். "பாயச் சுருட்டுங்கடி!"