கழிப்பறைச் சாவியும் ஓர் இடமாற்றமும்

கலிந்தே மிஷன் பள்ளிகளின் ஸோம்பா அலுவலகத்தில் அந்த வெள்ளிக்கிழமை இருந்தவர்கள் நால்வர். ஜன்னலோரக் கணினியில், ஆசிரியர்கள், அலுவலக ஊழியர்கள் எல்லாருடைய இடமாற்றங்களையும் பதிகிற தடாலா. அவளுக்கு முதுகு காட்டி, ஆசிரியர்களின் முகவரியும் தொலைபேசி எண்ணும் பார்க்கிற கோமெஸ்கானி. உள்ளறையில் மேலாளர் சிரம்போ. அச்சு இயந்திரத்துக்குப் பக்கத்து ஸ்டூலில், மடியில் ஹெல்மெட்டோடு, தபால் கொண்டுபோகிற வைசன்.

மணி இரண்டேகால். மூன்று மணி லிலாங்வே பஸ்ஸில், தலைமையகத்துக்கு இடமாற்றத் தாள்களின் உறை போயாக வேண்டும். தவறினால் இடமாற்றம் அடுத்த வருஷம்தான்.

தடாலா ஒரே பதிவை நாலாவது தடவையாகத் திருத்திக்கொண்டிருந்தாள். ஆசிரியர் லூசியஸ், அவள் கணவன். மூன்று வருஷமாக நாட்டின் வடகோடியில், சித்திபாவில். வீட்டுக்கு வந்தால் குழந்தை அவனை மாமா என்கிறது. 'ஸோம்பா' என்று அடித்துச் சேமித்தாள். திறந்து பார்த்தால் மறுபடி 'சித்திபா'.

"கோமெஸ்கானி, லூசியஸோட பதிவுல உனக்கென்ன வேலை?"

"போன் நம்பர் மாத்துறேன் அக்கா. மாத்த மாத்தப் பழசே வந்து நிக்குது."

விளங்கிவிட்டது. இருவரும் ஒரே பக்கத்தைத் திறந்து வைத்திருந்தார்கள். கடைசியாகச் சேமிப்பவரின் திரையிலிருந்த பழசெல்லாம் மற்றவரின் புதுசு மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது.

சேமிக்குமுன் குரல் கொடுப்பது என்று முடிவானது. இருவரும் ஒரே நொடியில் குரல் கொடுத்து, ஒரே நொடியில் சேமித்தார்கள். இந்தமுறை பிறந்த தேதியும் போயிற்று.

அப்போதுதான் தடாலாவுக்கு அந்த யோசனை வந்தது. அலுவலகத்தில் கழிப்பறைச் சாவி ஒன்றே ஒன்று. தொலையாதிருக்க அரையடி மரக்கட்டையில் கட்டியது. அது கையில் இருப்பவர் மட்டுமே பதிவைத் தொடலாம். சத்தம் கேட்டு வந்த சிரம்போ தலையாட்டிக் கேட்டார், பாராட்டினார், உத்தரவாகவே போட்டார். பிறகு அந்தச் சாவியை எடுத்துக்கொண்டு கழிப்பறைக்குப் போனார். மதியம் அவர் இரண்டு தட்டு மொச்சை சாப்பிட்டிருந்தார்.

இரண்டரை. இரண்டே முக்கால். தடாலாவின் விரல் தானாகவே விசைப்பலகையைத் தேடியது.

"சாவியில்லாமத் தொட்டா மேலாளர்கிட்ட சொல்லிடுவேன் அக்கா."

"அவர் எங்க இருக்கார்னு தெரியுமில்ல? போய்ச் சொல்லு."

அச்சு இயந்திரம் தானாகவே முனகி ஒரு தாளைத் தள்ளியது. வைசன் எடுத்து வாசித்து, உறைக்குள் செருகினான். தடாலாவின் கண்ணெல்லாம் கழிப்பறைக் கதவில் இருந்தது.

இரண்டு ஐம்பதுக்குக் கதவு திறந்தது. சிரம்போ, நல்ல காரியம் செய்த முகத்தோடு, சட்டைப் பைக்குள் போனைப் போட்டபடி வந்தார். தடாலா சாவியைப் பிடுங்காத குறையாக வாங்கி, பக்கத்தைப் புதிதாகத் திறந்து, அடித்து, சேமித்து, மறுபடி திறந்தாள். ஸோம்பா. இன்னொரு தரம் பார்த்தாள். ஸோம்பாவேதான்.

அவள் அச்செடுத்து நீட்டிய தாளை மேலாளர் உறையில் போட்டு, சிவப்பு அரக்கு வைத்து மூடினார். தடாலா மூன்று வருஷத்து மூச்சை விட்டாள்.

பைக்கை உதைத்துக் கிளப்பிய வைசன், வாசல் தாண்டும்போது திரும்பிச் சொன்னான்:

"சித்திபாவுல குளிர் ஜாஸ்திம்மா, பிள்ளைக்குக் கம்பளி வாங்கி வைங்க. பெரியவர் சாவியோட உள்ள உக்காந்தே போன்ல உங்க பதிவையும் திருத்திட்டாரு, புருஷன் இருக்கிற ஊருக்கே உங்கள மாத்தி."