ஸ்டியரிங் பாக்ஸுக்கு ஒரு நல்ல கை

தெருமுனையில் பாதி திரும்பிய லாரி, மீதிப் பாதியைத் திரும்ப மறுத்தது. லாரிக்காரர் ஸ்டியரிங்கைப் பிடித்துத் தொங்கினார். சீட்டைவிட்டு எழுந்து, டேஷ்போர்டில் காலை முட்டுக்கொடுத்து இழுத்தார். சட்டையில் இரண்டு பொத்தான் தெறித்ததுதான் மிச்சம். பின்னால் நின்ற வண்டிகள் ஆளுக்கொரு சுருதியில் ஹாரன் அடித்தன.

மாடி ஜன்னலிலிருந்து அவர் மனைவி எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க, வண்டியைத் திருப்பறீங்களா, மல்யுத்தம் பண்றீங்களா?"

மெக்கானிக் வந்து லாரிக்கு அடியில் படுத்து, முகமெல்லாம் ஆயிலோடு எழுந்தார்.

"பவர் ஸ்டியரிங்ல பவர் போயிடுச்சுங்க. ஸ்டியரிங் மட்டும்தான் இருக்கு."

"புது ஸ்டியரிங் பாக்ஸ் போட்டுடலாமா?"

"எங்கே கிடைக்கும்? போல்ட் மாட்டற காதுகூட ஒண்ணு உடைஞ்சிருக்கு. இது இருக்கற வயசுக்கு, செஞ்ச கம்பெனியே இதை மறந்திருக்கும். கழட்டித் தர்றேன். ரீகண்டிஷன் பண்றவங்க யார்கிட்டயாவது குடுத்து வாங்கிட்டு வாங்க, மாட்டித் தர்றேன். ஆனா நல்ல கையா பார்த்துக் குடுங்க."

'பார்த்து' என்ற சொல்லை அவரிடம் சொல்லியிருக்கக் கூடாது. தெருவில் லாரிக்காரருக்கு 'விசாரணை' என்று பெயர். எதை வாங்கினாலும் ஊரையே விசாரித்துவிட்டுத்தான் வாங்குவார். குடை வாங்க விசாரிக்கத் தொடங்கினால் மழைக்காலம் முடிந்த பிறகு குடையோடு வருவார்.

"இதுக்கு எதுக்கு விசாரணை?" என்றாள் மனைவி. "என் தம்பி அந்த வேலைதானே பண்றான்? அவன்கிட்ட குடுங்க."

"உன் தம்பி நம்ம வாஷிங் மெஷினை ரிப்பேர் பண்ணினான். துணி போட்டா அது வாசல்வரைக்கும் நடந்து போகுது."

"மெஷின் வேற, லாரி வேற."

"அதைத்தான் நானும் சொல்றேன். மெஷின் வாசலோட நின்னுடும். லாரி நடந்தா எங்கே போய் நிக்கும்?"

அவள் சமையலறைக்குள் போனாள். அங்கே பாத்திரங்கள் பேசின.

விசாரணைக்கு அவசரமும் இருந்தது. மரச்சாமான் கடையின் சரக்கையெல்லாம் வீடுகளுக்குக் கொண்டுபோய் இறக்குவது அவர் லாரிதான். அந்தக் கடையை விட்டால் அவருக்கு வேறு பிழைப்பு கிடையாது. இந்த நேரத்தில் பளபளவென்று புது லாரி வைத்திருக்கும் ஒருவர், கடை முதலாளிக்குத் தினமும் வணக்கம் வைக்கத் தொடங்கியிருந்தார்.

எனவே விசாரணை தன் விசாரணையைச் சுருக்கமாக முடித்துக்கொண்டார். டயர் கடைக்காரர், டீக்கடைக்காரர், முடிவெட்டுகிறவர் என்று எல்லாரையும் கேட்டு, 'சத்தியம்' என்று பெயரெடுத்த ஒருவரின் பட்டறைக்குப் போனார். அவர் வாயைத் திறந்தாலே சத்தியம்தான் வரும் என்பதால் அந்தப் பெயர். வேலை சுத்தம் என்று எல்லாரும் சொன்னார்கள்.

சத்தியம் பாக்ஸை ஒரு பார்வை பார்த்தார். முகம் சுருங்கியது.

"முன்னாடி இதை யாரு தொட்டது?"

"யாருமே தொடலைங்க. கம்பெனியிலேருந்து வந்தபடியே இருக்கு."

"அப்போ கம்பெனிக்காரனுக்கே வேலை தெரியலை."

விசாரணைக்கு மெய்சிலிர்த்துவிட்டது. கம்பெனியையே குறை சொல்கிறவர் என்றால் எப்பேர்ப்பட்ட கையாக இருக்கும்!

"பக்கத்துல நின்னு பார்க்கலாமா?"

"யாராவது பார்த்தா எனக்குக் கை ஓடாதுங்க. சத்தியமா!"

பாக்ஸ் வந்தது. மெக்கானிக் மாட்டினார். ஸ்டியரிங் வெண்ணெயாகச் சுற்றியது. விசாரணை விசிலடித்துக்கொண்டே ஒரு புது வீட்டுக்கு சோபா கொண்டுபோனார். அந்த வீட்டு முற்றத்தில் அன்றுதான் வெள்ளைக் கல் பதித்து முடித்திருந்தார்கள். சோபாவை இறக்கிவிட்டு லாரியை எடுத்தபோது, லாரி நின்ற இடத்தில் கன்னங்கரேலென்று ஓர் ஆயில் குளம். வீட்டுக்கார அம்மா அதைப் பார்த்துவிட்டு அந்தப் புது சோபாவிலேயே மயங்கி விழுந்தாள்.

மரச்சாமான் கடை முதலாளி போனில் பேசியதில் பாதியை இங்கே எழுத முடியாது.

"என் தம்பி..." என்று ஆரம்பித்தாள் மனைவி.

"வேண்டாம்" என்றார் விசாரணை.

இரண்டாவது பட்டறை, அப்பா காலத்திலிருந்து நடப்பது. சுவரில் அப்பா படம், அதற்குக் கீழே மகன். இருவர் மீசையும் ஒரே அளவு. மகன் பாக்ஸின் மூடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, பிணத்தைப் பார்த்தவர்போல மெதுவாக மூடினார்.

"முன்னாடி இதை எந்தப் பாவி தொட்டான்?"

விசாரணை சத்தியத்தின் பெயரைச் சொன்னார்.

"அவனா? அவனுக்கு ஆயில் சீலுக்கும் வளையலுக்கும் வித்தியாசம் தெரியாதே! எங்க அப்பா உயிரோட இருந்திருந்தா இதைப் பார்த்து அழுதிருப்பார். விட்டுட்டுப் போங்க."

"நீங்களே உங்க கையால..."

"வேற யார் கையால? போங்க, நிம்மதியா தூங்குங்க."

இந்த முறை ஒரு சொட்டு ஆயில்கூட ஒழுகவில்லை. வலது பக்கம் ஒற்றை விரலால் திருப்பலாம். இடது பக்கம்தான், ஆள் ஏறி மிதித்தாலும் திரும்பாது.

இதை மெக்கானிக்கிடம் சொல்லக்கூட நேரமில்லை. லாரி நிறையக் கட்டில்கள் இருந்தன. விசாரணை யோசித்தார். இடது பக்கம் போக வேண்டிய இடத்திலெல்லாம் மூன்று முறை வலது பக்கம் திரும்பினால் ஆயிற்று! அப்படியே ஓட்டினார். அடுத்த தெருவுக்குப் போக ஊரைச் சுற்றினார். ஒரே வீட்டைத் திரும்பத் திரும்பக் கடந்ததில், வாசலில் உட்கார்ந்திருந்தவர் முதலில் முறைத்தார், பிறகு கையசைத்தார், கடைசியில் தண்ணீர்ச் சொம்போடு எழுந்து நின்றார். காலையில் போட வேண்டிய கட்டில், பொழுது சாயும்போது போய்ச் சேர்ந்தது.

"கட்டில் கேட்டவங்க தரையிலேயே தூங்கப் பழகிட்டாங்களாம்" என்றார் முதலாளி. குரலில் கோபம் இல்லை. அதுதான் விசாரணைக்குப் பயமாக இருந்தது.

அன்று மாலை மனைவி 'என் தம்பி' என்றுகூடச் சொல்லவில்லை. பெருமூச்சு மட்டும் விட்டாள். அதில் தம்பி இருந்தான்.

"சின்னச் சின்ன இடமா போனதுதான் தப்பு" என்றார் விசாரணை. "பெரிய இடமா போறேன்."

மூன்றாவது இடம் கண்ணாடிக் கதவும் ஏசியுமாக இருந்தது. கழுத்தில் டை கட்டிய மேனேஜர் பாக்ஸைத் தொடக்கூட இல்லை. ஒரு பேனாவால் தட்டிப் பார்த்தார்.

"முன்னாடி இதை யார் ஹேண்டில் பண்ணினது சார்?"

இரண்டு பெயரையும் சொன்னார். மேனேஜர் கண்ணை மூடித் திறந்தார்.

"பரவாயில்லை சார். எத்தனையோ பேர் ஏமாந்துதான் எங்ககிட்ட வர்றாங்க."

"வேலை செய்யறவரை ஒரு தடவை பார்க்கலாமா?"

"சாரி சார். எங்க டெக்னீஷியனை நானே பார்க்கறதில்லை. தூசி படாத இடம். வெளியாளுக்கு அனுமதி கிடையாது."

மேனேஜரே பார்க்க முடியாத மனிதர்! விசாரணை வீடு முழுக்கச் சொல்லிச் சொல்லிப் பூரித்தார். பாக்ஸ் பிளாஸ்டிக் உறையில் ஸ்டிக்கர் ஒட்டி, பிறந்த குழந்தையைப்போலச் சுற்றப்பட்டு வந்தது. பிரிக்க மனமில்லாமல் கொஞ்ச நேரம் மடியில் வைத்திருந்தார்.

மறுநாள் மெக்கானிக் அதை மாட்டியதும் லாரியை மரச்சாமான் கடை வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார். வழியெல்லாம் சமர்த்தாகத்தான் வந்தது. முதலாளியைக் கூப்பிட்டு, "இப்போ பாருங்க" என்று இன்ஜினை மறுபடி ஸ்டார்ட் செய்து கியரைப் போட்டார். ஸ்டியரிங் தானாகச் சுற்றியது. இவர் பிடித்தார். அது விடவில்லை. பிரேக்கை மிதிப்பதற்குள் லாரி நிதானமாக நடைபாதையில் ஏறி, கடை வாசலில் அலங்காரமாக வைத்திருந்த ஆளுயரக் கண்ணாடி பீரோவில் தன் முகத்தைப் பார்த்து, அப்படியே முட்டியது.

கண்ணாடி உதிர்ந்து முடிந்ததும் முதலாளி பேசினார்.

"இந்த வாரத்துக்குள்ள வண்டி நேரா ஓடணும். இல்லைன்னா புது லாரிக்காரர்தான் இனிமே."

விசாரணை வீட்டுக்கு வந்து நாற்காலியில் சரிந்தார். மனைவி எதிரே உட்கார்ந்தாள்.

"ஊர்ல இருக்கற அத்தனை பேரையும் நம்பினீங்க. என் கூடப் பிறந்தவனை மட்டும் நம்ப மாட்டீங்க. அவன் வேலை தெரியாதவனாவே இருக்கட்டும். இவங்க மூணு பேரைவிடவா மோசமா பண்ணிடப் போறான்?"

விசாரணைக்கு யோசிக்க யோசிக்க அவள் சொன்னது நியாயமாகவே பட்டது. மெக்கானிக்கை வைத்துப் பாக்ஸைக் கழற்றி, மனைவியையும் துணைக்கு அழைத்துக்கொண்டு, கல்யாணமான நாளிலிருந்து ஒருமுறைகூட எட்டிப் பார்க்காத மச்சினனின் பட்டறைக்குப் போனார்.

தகரக் கூரை. தரையெல்லாம் ஆயில். ஒரு மூலையில் பாகங்களை டீசலில் ஊறப்போட்டுக் கழுவிக்கொண்டிருந்தாள் ஒரு பெண். மச்சினன் கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்தான்.

"மாமா! நீங்களா? அக்கா, நிஜமாவே மாமாதானா?"

"வந்துட்டேன்பா" என்றார் விசாரணை, குனிந்த தலையோடு. "கொஞ்சம் பாரு."

மச்சினன் பாக்ஸை மேசையில் வைத்துப் பிரித்தான். உள்ளே எட்டிப் பார்த்தான். நெற்றியில் அடித்துக்கொண்டான்.

"மாமா, முன்னாடி இதை யாரு தொட்டது?"

விசாரணை மூன்று பெயரையும் ஒப்பிக்க வாயைத் திறந்தார்.

"பேரா முக்கியம்? இந்த வேலையைப் பாருங்க! சீலைத் திருப்பிப் போட்டிருக்கான். வால்வைக் கோணலா உட்கார வெச்சிருக்கான். இதைச் செஞ்சவன் கை விளங்குமா? இவனுக்கெல்லாம் ஸ்பானரைக் கையில குடுத்தவனை முதல்ல உதைக்கணும்!"

இத்தனை நாளாகத் தன் மனதில் இருந்ததை ஒருவன் இவ்வளவு தெளிவாகச் சொல்லி விசாரணை கேட்டதில்லை. அவர் கண் கலங்கிவிட்டது. மச்சினன் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"உன்னைத் தப்பா நினைச்சிட்டேன்பா. தொழில் தெரிஞ்சவன்தான் இப்படிப் பேச முடியும். முதல்லயே உன்கிட்ட வந்திருக்கணும்."

"பார்த்தீங்களா?" என்றாள் மனைவி, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு.

டீசல் தொட்டியிலிருந்து கையை எடுத்த அந்தப் பெண், மேசையை ஒருமுறை எட்டிப் பார்த்தாள்.

"அண்ணே, இது நாம மூணு தடவை ரிப்பேர் பண்ணி அனுப்பின அந்தக் காது உடைஞ்ச பாக்ஸ்தானே? இப்போ எந்தக் கடைக்காரர் திருப்பி அனுப்பியிருக்காரு?"