பவனியன்று நம் பட்டு விரிப்பு தொங்கிய ஜன்னல்

எவோரா,
ஞாயிற்றுக்கிழமை

மரியாதைக்கும் அன்புக்கும் உரிய அத்தை அவர்களுக்கு, மருமகள் டெல்ஃபினா எழுதுவது. இங்கே நானும் உங்கள் மகன் நூனோவும் நலம். ஒரே வீட்டில், ஒரே கூரையின் கீழ் நலம் என்பதை முதலிலேயே அழுத்தமாகச் சொல்லிவிடுகிறேன். அங்கே உங்கள் முழங்காலும் ஒலிம்பியா சித்தியின் ரத்த அழுத்தமும் தோட்டத்து அத்தி மரமும் நலமாயிருக்க இறைவனை வேண்டுகிறேன்.

நேற்று தொலைபேசியில் நீங்கள், "என்னம்மா, வீட்ட விட்டுப் போயிட்டியாமே? அதுவும் ஏதோ மியூசியத்துல போய்க் குடியிருக்கியாமே?" என்று கேட்டபோது நான் மழுப்பினேன். காரணம், உங்கள் வீட்டு உள்ளறைத் தொலைபேசியில் ஒலிம்பியா சித்தி மூச்சுவிடுவது எனக்குத் தெளிவாகக் கேட்டது. அவருக்குச் சொன்னால் உங்கள் ஊர் காஸ்தெலு பிராங்கு முழுவதற்கும் சொன்ன மாதிரி. ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். படித்துவிட்டு, உங்களால் பயணம் செய்ய முடியுமானால், தயவுசெய்து வந்து உங்கள் மகனை நாலு வார்த்தை கேளுங்கள்.

நற்கருணைப் பவனி நாளன்று காலை எழுந்ததும், முகம்கூடக் கழுவாமல், நான் செய்த முதல் வேலை படுக்கையறைப் பெட்டியைத் திறந்ததுதான். நீங்கள் கல்யாணத்துக்குத் தந்த பட்டு விரிப்பு, இரண்டு பறவைகளும் நடுவில் பூமரமுமாகப் பட்டு நூலால் பூவேலை செய்தது, குளிர்காலம் முழுக்க எங்கள் கட்டிலில் கிடக்கும், ஈஸ்டருக்குப் பிறகு பெட்டிக்குள் போகும், பவனியன்று தெருவில் எல்லார் வீட்டுத் துணியையும் போல ஜன்னலுக்கு வரும். பெட்டிக்குள் இரண்டு நாப்தலின் உருண்டைகள் உருண்டன. வேறு ஒன்றுமில்லை. உங்கள் மகன் விடியற்காலையிலேயே நற்கருணைச் சபையின் சிவப்பு மேலங்கியை மாட்டிக்கொண்டு பேராலயத்துக்குப் போய்விட்டார். இந்த வருஷம் நற்கருணைக்கு மேல் பிடிக்கும் பட்டு விதானத்தின் நாலு கம்புகளில் ஒன்று அவர் கையில். போனில் கூப்பிட்டேன்.

"விரிப்பு எங்க?"

"மியூசியத்துல."

"மியூசியத்துலயா? எதுக்கு?"

"கேட்டாங்க. குடுத்தேன்."

"யார்கிட்ட கேட்டாங்க?"

"ஊர்ல எல்லார்கிட்டயும்தான். கம்பு தூக்கக் கூப்பிடறாங்க, வைக்கறேன்."

அத்தை, நாள் முழுக்கப் பல் கிளினிக்கில் மற்றவர்களைப் பார்த்து "வாயைத் திறங்க" என்று சொல்வதுதான் உங்கள் மகனின் தொழில். அந்த ஒரு வாக்கியத்தோடு அவருடைய அன்றைய பேச்சு தீர்ந்துவிடுகிறதோ என்று நான் பல வருஷங்களாக யோசித்து வருகிறேன்.

எதிர் வீட்டு செலெஸ்தே தன் சிவப்பு டமாஸ்க் துணியை ஜன்னலில் போட்டு, நுனியை இழுத்து நேராக்கிக்கொண்டே என்னைப் பார்த்தாள். "என்ன டீச்சர், உங்க ஜன்னல் இன்னும் சும்மா கிடக்கு? வீட்டுல யாருக்காவது ஏதாவது...?"

"துவைக்கப் போட்டிருக்கேன்."

"பவனி அன்னிக்கா?" என்றாள். பிறகு பக்கத்து ஜன்னல்காரியைத் திரும்பிப் பார்த்தாள். அதுதான் பயமாக இருந்தது. வெறும் ஜன்னலுக்கு நம் தெருவில் இரண்டே அர்த்தம் என்பது உங்களுக்குத் தெரியும்: சாவு, இல்லையென்றால் சண்டை. சாவென்றால் சூப் கொண்டுவருவார்கள். சண்டையென்றால் வெறுங்கையோடு வந்து வெகுநேரம் உட்காருவார்கள்.

அந்த அருங்காட்சியகத்தை, பழைய கோதுமைக் கிடங்கை வெள்ளையடித்து மாற்றியிருக்கிறார்களே, அதைத்தான் சொல்கிறேன், பள்ளிக்கூடம் போகும்போது நான் தினமும் கடப்பேன். உள்ளே போனதில்லை. பவனி அதன் வாசல் வழியாகத்தான் வரும், அது கிளம்புவதற்குள் விரிப்பை வாங்கிக்கொண்டு ஓடிவந்துவிடலாம் என்று கிளம்பினேன். வாசலில் காவலுக்கு சுல்மீரா என்ற பெண்மணி. "விரிப்பு வாங்க வந்தேன்" என்றேன். "முதல்ல கைப்பையை லாக்கர்ல வைங்க, அப்புறம் அம்புக்குறி போட்டிருக்கு பாருங்க, அது காட்டற பக்கம் போங்க" என்றார். குறுக்கு வழி கிடையாதாம். இப்படியாக, நவீனக் கலையை நான் முதன்முதலாக ஓட்டமும் நடையுமாகப் பார்த்தேன். முதல் அறையில் உடைந்த ஓடுகள் ஒரு குவியல், சுற்றிலும் கயிறு கட்டி மரியாதையாக வைத்திருந்தார்கள். அடுத்த அறை கும்மிருட்டு, இருட்டுக்குள் எங்கோ தண்ணீர் சொட்டும் சத்தம். எங்கள் குளியலறையிலும் இதே சத்தம்தான், பிளம்பருக்குச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. இங்கே அதை உட்கார்ந்து கேட்க பெஞ்சு போட்டிருக்கிறார்கள்.

மூன்றாவது அறை மாடியில், அங்கே ஊர் வீடுகளிலிருந்து வாங்கிய பொருள்கள். யாரோ ஒருவரின் பிரஷர் குக்கர், பறவை இல்லாத ஒரு கூண்டு, ஒற்றைச் செருப்பு. எதிர்ச் சுவரில், விளக்கு வெளிச்சத்தில், நம் விரிப்பு. தலைகீழாக. நீங்கள் அவ்வளவு பார்த்துப் பார்த்து வாங்கிய இரண்டு பறவைகளும் தலையைத் தரையில் ஊன்றி நின்றன. பக்கத்தில் ஓர் அட்டை, அதில் "நடுப்பகுதி" என்று தலைப்பு, கீழே உங்கள் மகன் பெயர். அதற்கும் கீழே அவர் எழுதியிருந்ததை அப்படியே தருகிறேன்: "லினன் மேல் பட்டு. இருபத்திரண்டு குளிர்காலங்கள். இடது ஓரம் என் மனைவி உறங்கிய பக்கம், நூல் தேய்ந்திருக்கிறது. வலது ஓரம் நான். அங்கும் தேய்ந்திருக்கிறது. நடுப்பகுதி இன்னும் புதிதாக இருக்கிறது."

எனக்கு முன்னால் ஒரு ஜோடி, பேச்சைக் கேட்டால் வெளியூர்க்காரர்கள், அதைப் படித்துக்கொண்டிருந்தது. "பாவம் அந்தப் பொம்பள" என்றாள் அவள். "ஏன்? பாவம் அந்த ஆளுன்னு சொல்லேன்" என்றான் அவன். "அவன் ஏன் தள்ளிப் படுத்தான்? அதச் சொல்லு." "அவ கட்டில்ல உக்காந்து ராத்திரி முழுக்க ஏதாவது செஞ்சிட்டிருந்திருப்பா." "உன்ன மாதிரி குறட்டை விட்டிருப்பான்." இப்படியே பேச்சு முற்றி, அவள் பிரஷர் குக்கர் பக்கமும் அவன் கூண்டுப் பக்கமும் போய்விட்டார்கள். நான் கட்டிலில் உட்கார்ந்து பிள்ளைகளின் புவியியல் விடைத்தாள் திருத்துவது வழக்கம்தான். அவர் குறட்டை விடுவதும் உண்மைதான். யாரென்றே தெரியாதவர்கள் இரண்டு நிமிஷத்தில் கண்டுபிடித்தார்கள். நானோ, அத்தை, வருஷா வருஷம் அந்த விரிப்பைக் கையால் துவைத்து, நிழலில் உலர்த்தி, மடிக்கும்போது நடுப்பகுதி பளபளப்பதைப் பார்த்து, அத்தை நல்ல பட்டாகத்தான் பார்த்து வாங்கியிருக்கிறார் என்று பெருமைப்பட்டிருக்கிறேன்.

எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. பேராலய மணி அடித்தது. சுல்மீரா அறைக்குள் வந்து, "மேடம், பவனி கிளம்பிருச்சு" என்றார்.

"இது என்னோட விரிப்பு. ரெண்டு மணி நேரத்துக்குக் குடுங்க, திருப்பிக் கொண்டுவந்து தர்றேன்."

"தொடவே கூடாது மேடம். என் வேலை போயிடும்." பிறகு ஜன்னலைப் பார்த்தார். "ஆனா ஒண்ணு சொல்றேன். காலையிலேர்ந்து எனக்குக் கூச்சமா இருக்கு. தெரு முழுக்கத் துணி தொங்குது, இந்த ஜன்னல் மட்டும் மொட்டையா நிக்குது. எங்க அண்ணி கீழ நிப்பா. நான் காவல் காக்கற கட்டடம் இதுதான்னு அவளுக்குத் தெரியும்."

"இனிமே வீட்டுக்குக் கொண்டுபோகவும் நேரமில்ல" என்றேன்.

"வெளிய கொண்டுபோகக் கூடாதுன்னுதான் விதி. ஜன்னல் வெளியவா?"

நாங்கள் இருவரும் ஜன்னலைப் பார்த்தோம். சுல்மீரா ஸ்டூலில் ஏறிக் கொக்கிகளைக் கழற்றினார், நான் கீழே ஏந்தினேன். ஜன்னல் விளிம்பில் அதைப் பறவைகள் நேராக நிற்கும்படி தொங்கவிட்டு, நுனியில் ஆளுக்கொரு கை வைத்து நின்றோம். தெருவில் தூவியிருந்த ரோஸ்மேரி இலைகளின் மணம் மேலே வந்தது. எனக்குக் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது.

அப்போதுதான் கீழே செலெஸ்தேயின் குரல் கேட்டது. "டெல்ஃபினா டீச்சர், யார் வீட்டு ஜன்னல்ல நிக்கறீங்க?" அப்போதுதான் எனக்கும் உறைத்தது. விரிப்பு தொங்கும் இடம்தான் ஒருத்தியின் வீடு, இந்த ஊரில் அதற்கு மறுபேச்சு கிடையாது. நம் வீட்டு ஜன்னல் மொட்டை. என் கல்யாண விரிப்பு வேறொரு கட்டடத்தில். பக்கத்தில் நின்றவளிடம் செலெஸ்தே, "துவைக்கப் போட்டிருக்கேன்னு சொன்னா, பாவம்" என்றது எனக்கே கேட்டது. மேலேயிருந்து எதைச் சொல்லி விளக்குவது? கையசைத்தேன். புது வீட்டிலிருந்து கையசைப்பதாக எடுத்துக்கொண்டார்கள். உங்களுக்கு வந்த சேதி அங்கே கிளம்பியதுதான்.

விதானம் ஜன்னலுக்கு நேரே வந்தபோது உங்கள் மகன் நிமிர்ந்து பார்த்தார். முதலில் விரிப்பை, அப்புறம் என்னை. நின்றுவிட்டார். மற்ற மூன்று பேரும் நடந்துகொண்டிருந்தார்கள். விதானம் ஒரு பக்கம் சரிந்து, அதன் குஞ்சலம், கீழே நற்கருணையை ஏந்தி வந்த பேராயரின் மூக்குக்கு முன்னால் ஊசலாடியது. பின்னால் வந்த மெழுகுவர்த்திகள் ஒன்றோடொன்று முட்டின, பாட்டுக்குழு ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடியது. உங்கள் மகன் வாயைத் திறந்தார். பல் பார்க்கிற அளவுக்குத் திறந்தார். பின்கம்பு பிடித்தவர், "டாக்டர், நடங்க, பொண்டாட்டிய அப்புறம் பாத்துக்கலாம்" என்று முதுகில் தள்ளியதும் நடந்தார்.

அருங்காட்சியக இயக்குநர் கோன்சாலோ, ஜூன் வெயிலிலும் கழுத்தில் துணி சுற்றியிருப்பவர், கூட்டத்திலிருந்து மூச்சிரைக்க மேலே ஓடிவந்தார். "யார் செஞ்சது இது?"

"பவனி சார்" என்றார் சுல்மீரா, வேறு விளக்கமே தேவையில்லை என்பது போல.

அவர் எட்டிப் பார்த்தார். கீழே தெரு முழுக்க முகங்கள், எல்லாம் எங்களைப் பார்த்து. சிலர் சிலுவை போட்டுக்கொண்டார்கள். "இந்தக் கட்டடத்தை இத்தன பேர் நிமிர்ந்து பார்த்து நான் பார்த்ததே இல்ல" என்றார் மெதுவாக. பிறகு, "ஆனா தலைகீழா மாட்டிட்டீங்களே."

"இப்பதான் நேரா இருக்கு சார்" என்றேன் நான்.

"அப்ப உள்ள?"

"உள்ளதான் தலைகீழு."

அவர் முகம் மாறியது. அந்தத் தலைகீழைப் பற்றியே ஒருவர் இரண்டு பக்கக் கட்டுரை எழுதியிருக்கிறாராம்.

மதியம் உங்கள் மகன் வீட்டுக்கு வந்தார். சுட்ட மத்தி மீனை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். அவர் முள்ளெடுப்பதில் மிகவும் கவனமாக இருந்தார்.

"தலைகீழாவா மாட்டியிருந்தாங்க?" என்றார்.

"ஆமா. நீங்க பார்க்கலையா?"

"போகல."

"திறப்பு விழாவுக்குக் கூடவா?"

"வெக்கமா இருந்துச்சு." இன்னொரு மீன். "அட்டைய படிச்சியா?"

"படிச்சேன்."

"ம்" என்றார். நானும் "ம்" என்றேன். பிறகு செர்ரிப் பழம் சாப்பிட்டோம்.

அவ்வளவுதான் அத்தை. அட்டை எழுதி ஊருக்கும் வெளியூர் ஜோடிக்கும் சொல்ல வாய் இருந்த மனிதருக்கு, மேஜைக்கு இந்தப் பக்கம் இருப்பவளிடம் சொல்ல ஒரு "ம்" தான் மிச்சமிருந்தது. நீங்கள் பெற்றவர். நீங்கள் கேட்டால் பதில் சொல்வார். விரிப்பையும் உங்கள் கையாலேயே திரும்ப வாங்கி, அந்தக் கட்டடத்துப் பக்கமே நாங்கள் தலைகாட்டாதபடி செய்யுங்கள். நான் இனி அதன் வாசலை மிதிப்பதாக இல்லை.

ஒலிம்பியா சித்திக்கு என் விசாரிப்பு, மேலே எழுதியவை தவிர மற்ற எல்லாவற்றையும் அவருக்குச் சொல்லலாம். முழங்காலுக்கு ஒத்தடம் கொடுங்கள். இரவு ஜெபத்தில் எங்கள் இருவரையும் சேர்த்தே நினைத்து ஆசீர்வதியுங்கள்.

தங்கள் கீழ்ப்படிதலுள்ள மருமகள்,
டெல்ஃபினா

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்கு முன் இதையும் எழுதிவிடுகிறேன். நீங்கள் வர வேண்டாம், அவரிடம் எதுவும் கேட்கவும் வேண்டாம். வாசலை மிதிக்க மாட்டேன் என்று மேலே எழுதியதும் சரியில்லை, நேற்றே மிதித்துவிட்டேன். விரிப்பை நேராக மாட்டியிருக்கிறார்களா என்று பார்க்கத்தான் போனேன். மாட்டியிருந்தார்கள், அங்கேயே இருக்கட்டும் என்று தோன்றியது. கோன்சாலோ பேச்சுவாக்கில், இலையுதிர் காலத்தில் மறுபடியும் வீடுகளிலிருந்து பொருள் வாங்கப் போவதாகச் சொன்னார். கிளினிக்கிலிருந்து வந்ததும் நூனோ உட்காருவாரே, அந்தத் தோல் நாற்காலி, எப்போதும் பால்கனியைப் பார்த்துத் திருப்பிப் போட்டிருப்பார், நான் அவருடைய பின்னந்தலையோடு பேசியே பழகியவள். அதைக் கொடுக்கப் போகிறேன். கோன்சாலோவிடம்கூட இன்னும் சொல்லவில்லை. இன்று நூனோ தூங்கும்போது நாற்காலியை அளந்துவிட்டேன், அருங்காட்சியக வாசலில் நுழையும். அட்டையில் என்ன எழுதுவது என்பதும் தீர்மானமாகிவிட்டது. அதை முதலில் படிக்க வேண்டியவர் அவர் என்பதால் உங்களுக்கும் எழுதவில்லை. திறப்பு விழாவுக்கு அவரை நானே கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போவேன், எவ்வளவு வெட்கப்பட்டாலும்.