ஒன்பது ட்ராக்கும் ஒரு குக்கரும்

குக்கர் மூன்றாவது விசில் அடித்தபோது தலைமை எழுத்தர் துணி அலமாரிக்குள் நின்று, கண்ணை இறுக மூடிக்கொண்டு, பாட்டின் உச்ச இடத்தில் இருந்தார்.

அலமாரிக் கதவு படாரென்று திறந்தது. காதில் ஹெட்போனும் தோளில் மனைவியின் பாவாடை ஒன்றும் தொங்க அவர் வெளியே வந்தார்.

"விசில் வரப்போகுதுன்னா முன்னாடியே சொல்லுன்னு சொன்னேனா இல்லையா?"

"குக்கர் என்கிட்ட அனுமதி வாங்கிட்டா அடிக்குது?"

"பதினேழாவது தடவை பாடுறேன்! பதினேழாவது தடவையும் அதே இடத்துல விசில்!"

"ஃப்ரிட்ஜை நிறுத்தினது யாரு? நேத்து செஞ்சு வச்சதெல்லாம் கெட்டுப்போச்சு. மறுபடி ஆக்காம, காத்தையா சாப்பிடப் போறீங்க?"

ஃப்ரிட்ஜின் உறுமல் மூன்றாம் ட்ராக்கில் விழுகிறது என்று வெள்ளிக்கிழமை மாலை அதை நிறுத்தியவர் தலைமை எழுத்தர்தான். நிறுத்திய நேரத்தைப் பதிவேட்டில் ஒழுங்காகக் குறித்தும் வைத்திருந்தார். மறுபடி போடுவதற்குப் பதிவேட்டில் கட்டம் இல்லாததால் போடவில்லை.

இத்தனைக்கும் காரணம் மனைவியின் அண்ணன்.

இருபத்தைந்து வருடங்களுக்கு முன் கல்லூரியில் மச்சான் ஒரு பாண்டு நடத்தினார். தலைமை எழுத்தர் அப்போது ஒல்லியாக, தலை நிறைய முடியோடு, கையில் கிட்டாரோடு போய் நின்றார். அரை நிமிடம் கேட்டுவிட்டு மச்சான் சொன்னது இதுதான்: "உனக்குக் காது ரெண்டும் கண்ணாடி மாட்டறதுக்கு மட்டும்தான்டா." அதற்குப் பிறகு அவர் அதே மச்சானின் தங்கையையே கல்யாணம் செய்துகொண்டார். வீட்டில் சேர்த்துக்கொண்டார்களே தவிர, பாண்டில் சேர்த்துக்கொள்ளவில்லை.

இப்போது வகுப்பின் வெள்ளிவிழா வருகிறது. பழைய பாண்டு மறுபடி மேடை ஏறுகிறது. ஒருவர் வெளிநாட்டில் இருப்பதால் ஓரிடம் காலி. "ஏதாவது பதிவு பண்ணி வை மாப்ளே. அடுத்த மாசம் கடைசி ஞாயித்துக்கிழமை அஞ்சு மணிக்கு வந்து கேக்குறேன். நல்லா இருந்தா பாக்கலாம்" என்று மச்சான் போனில் சொல்லியிருந்தார். அந்தப் 'பாக்கலாம்' என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு தலைமை எழுத்தர் நாற்பது நாளாக உருகிக்கொண்டிருந்தார்.

எடுத்துக்கொண்ட பாட்டு, அவர் கல்லூரிக் காலத்தில் கேசட் தேயத் தேயக் கேட்ட ஆங்கில ராக் பாட்டு. ஆறு நிமிடம். அட்டையில் கறுப்புக் கோட்டுப் போட்ட பாடகர் ஒருவர் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நிற்பார். அந்தப் பாட்டின் எல்லா வாத்தியத்தையும் தானே தனித்தனியாக வாசித்து, தானே பாடி, கம்ப்யூட்டரில் அடுக்குவது என்பது திட்டம்.

அலுவலகத்தில் அவர் தபால் பிரிவு. வருகிற கடிதம், போகிற கடிதம் எல்லாவற்றுக்கும் எண் போட்டே பழகியவர். ஆகவே ட்ராக்குகளுக்கும், அதாவது தனித்தனிப் பதிவுகளுக்கும், நீள நோட்டில் பதிவேடு போட்டார். ட்ராக் ஒன்று: அசல் பாட்டு, காதில் ஓடவிட்டுக் கூடவே வாசிக்க. இரண்டு: கிட்டார். மூன்று: பேஸ் கிட்டார். நான்கு: ட்ரம்ஸ், அதாவது கவிழ்த்த பிளாஸ்டிக் பக்கெட், அட்டைப்பெட்டி, இரண்டு மரக்கரண்டி. இப்படி ஒன்பது வரை. ஒன்றாம் எண் கோப்பு மூலக்கோப்பு, அதில் யாரும் கை வைக்கக்கூடாது என்பது அவருடைய பிரிவின் விதி. அதன்படி முதல் ட்ராக்குக்கு மட்டும் கம்ப்யூட்டரில் ஒரு பூட்டுப் படத்தை அழுத்திப் பூட்டிவைத்தார்.

இந்த ஏற்பாட்டில் ஒரு சங்கடம் இருந்தது. ஹெட்போன் போட்ட அவருக்கு முழு பாண்டும் கேட்கும். வெளியில் இருப்பவர்களுக்கு அவர் செய்வது மட்டும் கேட்கும். முழுப் பாட்டில் பின்னால் மெல்ல வரும் "ஓ... ஓ..." என்பதைப் பதிவுசெய்த மூன்று நாளும் கீழ்வீட்டுத் தையல்காரம்மாவால் மெஷினை மிதிக்க முடியவில்லை. மூன்றாம் நாள் மாடியேறி வந்துவிட்டார்.

"அக்கா, சாருக்கு ரொம்ப வலியா? யாராவது டாக்டரைக் கூப்பிடட்டுமா?"

"வலியெல்லாம் நமக்குத்தான். அவர் பாடுறார்."

எந்தப் பாட்டு என்று மனைவி சொன்னதும் தையல்காரம்மாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"அதுவா! நான் தைக்கும்போது ரேடியோவுல வாரத்துக்கு ரெண்டு தடவையாவது வருமே. பாஷை புரியாட்டியும் எவ்வளவு நல்லா இருக்கும்!" என்றவர், அறைக்குள்ளிருந்து வந்த "ஓ"வைக் காதுகொடுத்துக் கேட்டுவிட்டு, "சார் வேற பாட்டு ஏதாவது எடுத்திருக்கலாம்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

அதே தையல்காரம்மா வெள்ளிக்கிழமை இரவு ஃப்ரிட்ஜின் ஐஸ் உருகி, தண்ணீர் கூரை வழியாகத் தைத்து வைத்த பள்ளிக்கூடச் சீருடைகள் மேல் சொட்டியபோது, துடைப்பக் கட்டையால் கூரையை எட்டு முறை இடித்தார். அந்த எட்டு இடியும் நான்காம் ட்ராக்கில் இருக்கின்றன.

இப்போது சனிக்கிழமை மதியம். பாக்கி இருப்பது ஒன்பதாம் ட்ராக், அவருடைய சொந்தக் குரல். அதற்குக் குக்கர் வீட்டைவிட்டுப் போயாக வேண்டும்.

"கீழ போய் ஆக்கிக்கோயேன். ஒரு மணி நேரம்" என்று கெஞ்சினார்.

"கூரையில தண்ணி விட்டவங்க வீட்டுக்கு அடுப்பு கேட்டுப் போகணுமா?"

"எனக்காக. உங்கண்ணன் முன்னாடி ஒரு தடவை, ஒரே ஒரு தடவை..."

அவர் இரண்டு கையையும் கூப்பியதைப் பார்த்து மனைவி குக்கரைத் துணியில் பிடித்துத் தூக்கிக்கொண்டாள். "நாளைக்கு அஞ்சு மணியோட இதுக்கு ஒரு முடிவு வரணும், சொல்லிட்டேன்."

வீடு நிசப்தமானது. அப்படியும் அவருக்கு நிம்மதி இல்லை. தெருவில் ஒரு ஸ்கூட்டர் போனது. உடனே கட்டில் மெத்தையைத் தூக்கி அலமாரிக் கதவின்மேல் சாய்த்து, இடுக்கு வழியாக உள்ளே நுழைந்து, கதவை இழுத்துச் சாத்திக்கொண்டார். ஒரு சத்தமும் உள்ளே வராது.

முதல் சரணம் அற்புதமாக வந்தது. இரண்டாம் சரணத்தில் மெத்தை சறுக்கி, கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவே மடிந்து உட்கார்ந்துகொண்டது. மூச்சுமுட்டியதும் அவர் கதவைத் தள்ளிப் பார்த்தார். அசையவில்லை.

ஆனாலும் பதினேழு தடவைக்குப் பிறகு முதல்முறையாக விசில் இல்லாமல் வருகிற பாட்டு இது. விட மனம் வரவில்லை. ஒரு வரி பாடினார், ஒரு உதை விட்டார். அடுத்த வரி, அடுத்த உதை. பாட்டு முடிந்த பிறகுதான் முறைப்படி கூச்சல் போட ஆரம்பித்தார்.

கீழே நடந்தது பிற்பாடு விசாரணையில் தெரியவந்தது.

"என்னக்கா, மேல தடதடங்குது?"

"ட்ரம்ஸா இருக்கும். நாளைக்குள்ள முடிக்கணுமாம்."

"காப்பாத்துங்க, காப்பாத்துங்கன்னு கேக்குது."

"அப்படியா? இங்கிலீஷ் பாட்டுன்னுல்ல சொன்னார்?"

"இன்னிக்குத் தமிழ்ல பாடுறார் போல. இதுல உணர்ச்சி இருக்குக்கா."

நாற்பது நிமிடம் கழித்து மனைவி வந்து மெத்தையை இழுத்தபோது அவர் ஈரத்துணி மாதிரி வெளியே விழுந்தார். வாயைத் திறந்தார். காற்று வந்தது, குரல் வரவில்லை. தொண்டை மொத்தமாகக் கட்டிவிட்டது.

இனி மறுபடி பாடுவது என்ற பேச்சே இல்லை. இருப்பதைத்தான் சுத்தம் செய்யவேண்டும்.

ஞாயிறு காலை பதிவேட்டைத் திறந்துவைத்து உட்கார்ந்தார். ட்ராக் இரண்டில் மின்விசிறி. மூன்றில் ஃப்ரிட்ஜ். நான்கில் துடைப்பக் கட்டை. ஐந்தில் மனைவி, "பால்காரர் வந்திருக்கார்" என்கிறாள். ஆறில் அவரே தும்முகிறார். எட்டில் யாரோ கேட்டைத் திறந்து மூடுகிறார்கள். ஒன்பதில் பதினான்கு உதை.

கம்ப்யூட்டரில் 'சத்தம் நீக்கு' என்று ஒரு பட்டன் இருந்தது. அதற்குப் பக்கத்தில் பூஜ்யத்திலிருந்து நூறுவரை நகர்த்தும் குமிழ். முப்பதில் மின்விசிறி போனது. அறுபதில் கேட்டும் தும்மலும் போயின. அவர் வாசித்ததும் பாடியதும்கூடக் கொஞ்சம் மெலிந்தன, ஆனால் உதை மட்டும் இன்னும் லேசாகக் கேட்டது. நூறு என்று ஒரு இடம் இருக்கும்போது அறுபதில் நிற்பது, கையெழுத்துப் போடாமல் கடிதத்தை அனுப்புவது போல என்று நினைத்தார். எல்லா ட்ராக்கையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்து, குமிழை நூறுக்குத் தள்ளினார்.

கம்ப்யூட்டர் மூன்று நிமிடம் யோசித்தது. பிறகு, 'எட்டு ட்ராக்குகள் சுத்தம் செய்யப்பட்டன' என்று அறிவித்தது. அவர் அதைப் பதிவேட்டில் எழுதி, கீழே கோடு போட்டார்.

பாட்டை ஓடவிட்டார்.

மின்விசிறி இல்லை. ஃப்ரிட்ஜ் இல்லை. பால்காரர் இல்லை. கிட்டார் கண்ணாடி மாதிரி சுத்தமாக எழுந்தது. பக்கெட் இடி மாதிரி முழங்கியது. அதன்மேல் ஒரு குரல், கம்பீரமாக, அலட்சியமாக, உச்சத்தில் போய் நின்றது. இது தன் குரலா? இத்தனை வருடமும் 'பெறுநர், அனுப்புநர்' என்று வாசித்தே வீணாக்கிய குரலா? அவருக்குக் கண் நிறைந்துவிட்டது.

சமையலறையிலிருந்து மனைவி ஓடிவந்தாள். அவளுக்கு இந்த வகைப் பாட்டே ஆகாது. கையில் கரண்டியோடு முழுப் பாட்டையும் நின்று கேட்டாள்.

"ஏங்க... இதுவா பாடிட்டிருந்தீங்க? நான் ஒரு பாவி, குறுக்கே குறுக்கே பேசிட்டேனே!"

பரவாயில்லை என்று அவர் பெருந்தன்மையாகக் கையசைத்தார். குரல் இன்னும் வரவில்லை.

ஐந்து மணிக்கு மச்சான் வந்தார். வீட்டுக்குள்ளும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாதவர். நடு நாற்காலியில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு, "போடு மாப்ளே, பாப்போம்" என்றார். குக்கர் மூடியை மறந்துவிட்டுப் போனீர்களே என்று அதைக் கொடுக்கவந்த தையல்காரம்மாவும் வாசல் நிலையோரம் நின்றுவிட்டார்.

ஆறு நிமிடமும் மச்சானின் விரல் நாற்காலிக் கையில் தட்டிக்கொண்டிருந்தது. பாட்டு முடிந்தது. அவர் காலை இறக்கி வைத்தார்.

"உழைச்சிருக்க. இல்லன்னு சொல்லல."

தலைமை எழுத்தர் பதிவேட்டைத் திறந்து பேனாவை எடுத்தார்.

"ஆனா மாப்ளே, அசல் அசல்தான். அதுல அந்த ஆளு உச்சத்துக்குப் போறப்ப உடம்பு சிலிர்க்கும். நீ மூக்கால போற. கிட்டார்ல விரலுக்குப் பலம் போதல. ட்ரம்ஸ் எதுல அடிச்ச?"

"பக்கெட்டுண்ணே" என்றாள் மனைவி.

"அதான். பக்கெட் பக்கெட்டாத்தான் கேக்குது. இருபத்தஞ்சு வருஷமா இந்தப் பாட்டை மேடையில பாடுறவன் நான். என் காதுக்குத் தப்புமா?"

"அண்ணே, வாய்க்கு வந்ததைப் பேசாதே. நான் காலையில கேட்டு அழுதுட்டேன், தெரியுமா?"

"நீ வெங்காயம் உரிச்சாலும் அழுவ. பேசாம இரு." மச்சான் எழுந்து, தலைமை எழுத்தரின் தோளில் கை வைத்தார். "பாட்டும் கிட்டாரும் உனக்கு ஒத்துவராது மாப்ளே. ஆனா தங்கச்சி புருஷனாப் போயிட்ட. மேடையில கடைசி வரிசை ஓரத்துல நின்னு சலங்கை வச்ச டாம்பரின் தட்டு. மைக் கிடையாது. சம்மதமா?"

இருபத்தைந்து வருடக் காத்திருப்பு. கடைசி வரிசைதான், ஓரம்தான், மைக் இல்லைதான். ஆனாலும் மேடை, மேடை இல்லையா? தலைமை எழுத்தர் கையை நீட்டினார். மச்சானும் பெரிய மனதோடு கையை நீட்டினார்.

இரண்டு கையும் சேர்வதற்குள், வாசலில் நின்ற தையல்காரம்மா குக்கர் மூடியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, மனைவியைப் பார்த்துக் கேட்டார்:

"ஏன்க்கா, ரேடியோவுல வர்ற பாட்டையே எவ்வளவு நேரம் போட்டுக் காட்டுவீங்க? சார் பாடினதை எப்பப் போடுவீங்க?"