அடுத்த மாத இதழில் ஒரு திருத்தம் கோரி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் கார் மாத இதழின் நெடுநாள் சந்தாதாரர் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் வீட்டுக்காரியும் வண்டியும் நலமாக இருக்கிறோம். தங்கள் நலத்தை விசாரிப்பது முறையா என்பதில்தான் சற்றுக் குழப்பம். தாங்கள் காலமாகிவிட்டதாகத் தங்கள் அலுவலகக் கட்டடத்தின் காவலாளி சொன்னார். அப்படியானால் என் ஆழ்ந்த அனுதாபங்கள். ஆனாலும் இதழ் வந்துகொண்டுதான் இருக்கிறது, அதில் வரும் தவறுகளுக்குத் தாங்கள்தானே பொறுப்பு?

என்னைத் தாங்கள் மறந்திருக்க முடியாது. ஓட்டுநர் உரிமத் தேர்வு நடத்தி ஓய்வு பெற்றவன். வண்டியைப் பின்னால் எடுத்து நிறுத்தத் தெரியாத எத்தனையோ பேரை அழ வைத்து வீட்டுக்கு அனுப்பியவன். தங்கள் இதழில் டயர் அளவு தப்பாக வந்தால் மறுநாளே என் கடிதம் கிளம்பிவிடும். தாங்களும் அடுத்த இதழில் 'திருத்தம்' என்று ஒரு பெட்டி கட்டி, 'தவறுக்கு வருந்துகிறோம்' என்று போட்டுவிடுவீர்கள். எழுதிய புகாரை நான் ஒருநாளும் திரும்பப் பெற்றதில்லை. "அந்த மனுஷன் உங்ககிட்ட என்ன பாடு படறாரோ, பாவம்" என்று என் வீட்டுக்காரி தங்களுக்காகப் பரிந்து பேசுவாள்.

இதழ் மெலிந்துகொண்டே வந்ததை நான் கவனிக்காமல் இல்லை. ஒரு காலத்தில் தலைக்கு வைத்துப் படுக்கிற அளவுக்குப் பருமனாக வந்தது, கடைசியில் ஓர் ஈயை அடிக்கக்கூடக் கனம் போதவில்லை. கார் கம்பெனி விளம்பரங்கள் போயின, நடுப்பக்க வண்ணப்படம் போயிற்று, கடையில் இதழைத் தொங்கவிடும் கம்பியில் போன் உறைகள் தொங்கின. "எல்லாரும் வீடியோவுல பாத்துக்கறாங்க சார், இதை யாரு காசு குடுத்துப் படிக்கிறா?" என்றார் கடைக்காரர். பிறகு 'விடைபெறுகிறோம்' என்று அட்டையிலேயே போட்டு ஓர் இதழ் வந்தது. அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஆனால் அடுத்த மாதமும் இதழ் வந்தது. தபால்தலை இல்லை, முகவரி இல்லை, வாசல் கேட்டில் செருகியிருந்தது. தொட்டால், ஓடி வந்து நின்ற காரின் பானெட் மாதிரி சூடு. பிரித்துப் பார்த்தால் 'நீண்ட நாள் சோதனை' பகுதியில், அதாவது ஒரே காரை மாதக்கணக்கில் ஓட்டி மாதாமாதம் அறிக்கை தரும் அந்தப் பகுதியில் (தங்களுக்கே விளக்குகிறேன், மன்னிக்கவும்), என் கார். பொய் சொல்வானேன், பெருமையாகத்தான் இருந்தது. 'இரண்டாவது கியரைக் கெஞ்சித்தான் போட வேண்டியிருக்கிறது. ஓட்டுபவரைவிட அருகில் அமர்ந்திருப்பவரே அதிகம் பிரேக் பிடிக்கிறார்' என்று எழுதியிருந்தது. உண்மைதான். என் வீட்டுக்காரி உட்காரும் பக்கம் பெடலே கிடையாது, ஆனாலும் மிதித்து மிதித்து விரிப்பு ஓட்டையாகிவிட்டது. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவள் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் இருவர் தலையும் பின்பக்கமாகத் தெரிய, முன்னால் சாலை ஓடுகிற படம்.

"ஏங்க, பின்சீட்ல யாரு உக்காந்து இதை எடுத்தா?" என்றாள்.

அதில் ஒரே ஒரு தவறு இருந்தது. இடது கதவில் நீளமாக ஒரு கீறல் என்று எழுதியிருந்தது. என் வண்டியில் கீறலா என்று கொதித்துப்போய்ப் பேனாவை எடுத்தேன். அப்போதுதான் அட்டையில் இருந்த மாதத்தைப் பார்த்தேன். கடையில் பழசாகத் தெரியக் கூடாது என்று, இந்த மாதம் வரும் இதழுக்கு அடுத்த மாதத்தின் பெயரைப் போடுவது தங்கள் தொழிலின் வழக்கம் அல்லவா? எதற்கும் இருக்கட்டும் என்று அடுத்த மாதம் முழுவதும் வண்டியை வெளியே எடுக்காமல் ஷெட்டிலேயே பூட்டிவைத்தேன். பூட்டிய ஷெட்டுக்குள் ஏணி தானாகச் சரிந்து இடது கதவைக் கீறியிருந்தது.

அதற்கடுத்த இதழ், ரேடியோ செத்துவிட்டது என்றது. செத்தது. ஆத்திரத்தில் பழக்கதோஷமாக மறுப்புக் கடிதம் எழுதி, நேரில் கொடுக்கலாம் என்று தங்கள் அலுவலகத்துக்கே வந்தேன். கீழே மெத்தைக் கடை. மாடியில் தங்கள் கதவு பூட்டிக் கிடந்தது. அதன் தபால் துளையில் கடிதத்தைப் போட்டேன். "போடுங்க சார், போடுங்க. இதுல போடற காகிதம் எதுவும் உள்ள விழற சத்தமே கேக்காது" என்றார் காவலாளி, ஏதோ வசதியைச் சொல்வது போல. அடுத்த இதழில் திருத்தம் வந்தது, தவறுக்கு வருந்துகிறோம் என்று. சாவியே போடாத வண்டியில் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இந்த மாத இதழில் 'இறுதி அறிக்கை' என்று போட்டிருக்கிறீர்கள். மலைச்சாலை இறக்கத்தின் கடைசி வளைவில் சோதனை முடிவடைந்தது, வண்டியின் முன்பக்கம் முழுச் சேதம், 'ஓட்டியவர் இப்போது இல்லை என்பதால் வண்டியைப் பற்றி அவருடைய மனைவியிடம் கேட்டோம்' என்று எழுதி, அவள் பேச்சையும் அப்படியே போட்டிருக்கிறீர்கள்: "ரெண்டாவது கியர்ல வாங்கன்னு சொன்னேன். என்னிக்கு என் பேச்சைக் கேட்டாரு?" சாட்சாத் அவள் பேச்சுதான். அவளிடம் இந்தப் பக்கத்தைக் காட்டவில்லை. அவளுடைய அக்கா வீட்டுக்கு அந்த இறக்கத்தின் வழியாகத்தான் போக வேண்டும்.

ஐயா, எனக்குப் பயமாக இருக்கிறது. வண்டியைப் பூட்டிவைத்துப் பயனில்லை என்று பார்த்துவிட்டேன். தங்கள் திருத்தம் மட்டும்தான் பலிக்கிறது. ஓட்டியவரைப் பற்றிய செய்தி தவறு என்று ஒரு பெட்டி, ஒரே ஒரு வரி, போட்டுவிடுங்கள். இன்னும் கொஞ்ச காலம் அவளோடு இருந்துவிட்டுப் போகிறேன்.

தங்கள் அலுவலகத்தில் உள்ள அனைவருக்கும், அவர்கள் எந்த நிலையில் இருந்தாலும், என் அன்பைத் தெரிவிக்கவும்.

என்றும் தங்கள்
சந்தாதாரர்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது, "இந்தாங்க, மறுபடி உங்க புத்தகம்" என்று அவள் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனாள். இந்த மாதத்தில் இது இரண்டாவது. இன்னும் தபால் துளையைப் பார்க்காத இந்தக் கடிதம் வாசகர் பக்கத்தில் முழுதாக வந்திருக்கிறது. சிறந்த கடிதம் என்று ஒரு டப்பா எஞ்சின் ஆயில் பரிசும் அறிவித்திருக்கிறீர்கள். கீழே பெட்டிக்குள் திருத்தம்: 'சென்ற இதழில் ஓட்டியவர் என்று வெளியானதை, அருகில் அமர்ந்திருந்தவர் என்று மாற்றிப் படிக்கவும். தவறுக்கு வருந்துகிறோம்.'

ஐயா, நான் இதைக் கேட்கவில்லை. அவள் அக்கா வீட்டுக்குக் கிளம்பிப் போய் வண்டியில் உட்கார்ந்திருக்கிறாள். இறங்கி வா என்று ஜன்னல் வழியாகக் கத்தினேன். "கதவு திறக்க மாட்டேங்குதுங்க, நீங்க வந்து பாருங்க" என்கிறாள். எஞ்சின் ஓடுகிற சத்தம் கேட்கிறது. சாவி என் சட்டைப்பையில் இருக்கிறது. தங்கள் அலுவலகம் வரை வர நேரமில்லை. அனுப்பாத கடிதத்தையே படித்தவர்கள் இதையும் படித்துக்கொள்ளுங்கள். மேலே எழுதியதையெல்லாம் திரும்பப் பெறுகிறேன். இறுதி அறிக்கையில் ஒரு தவறும் இல்லை. முதலில் வந்ததுதான் சரி. ஓட்டியவர் என்றே இருக்கட்டும். நான் போய் ஓட்டுகிறேன்.